கபீர் ராவுத்தரின் கடைவாய்ப் பல்

மலாயாவில் கூலாய் ரயில் நிலையத்துக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருந்த கபீர் ராவுத்தருக்கு, யார் வந்தாலும் முதலில் இலை போட்டாக வேண்டும். சண்டைக்கு வந்தவனையும் உட்கார்த்திச் சோறு போட்டுவிட்டுத்தான் என்ன சண்டை என்று கேட்பார். அதற்குள் வந்தவனுக்குக் கோபம் ஆறியிருக்கும்.

1934 பிப்ரவரியில் அவருடைய வலது கீழ்க் கடைவாய்ப் பல் வலிக்கத் தொடங்கியது. கிராம்பை அடக்கிப் பார்த்தார், உப்புத் தண்ணீர் கொப்பளித்தார். தாம் சமைத்த ஆட்டுக்கறியைத் தாமே மெல்ல முடியாமல் கஞ்சி குடித்தார். பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பல் பிடுங்குவார்கள்தான். ஆனால் அது தோட்டத்து ஆட்களுக்கு மட்டும். சந்தையில் பல் பிடுங்கும் சீனர் ஒருவர், பிடுங்கியதையெல்லாம் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருந்தார். ராவுத்தர் அந்தக் கயிற்றை ஒருமுறை பார்த்தார். பிறகு அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். கறியில் உப்புப் பார்க்கும் வேலை அவர் மனைவி மீரா பீவியிடம் போனது.

ஜூன் மாதம் நல்ல சேதி வந்தது. ஐயாசாமி என்ற அரசாங்கப் பல் வைத்தியர் ஜொகூர் பாருவிலிருந்து காலை ரயிலில் வருகிறார். மருந்துக் கொட்டகையில் பல் பார்த்துவிட்டு மாலை ரயிலில் திரும்பிவிடுவார். மறுபடி வர ஆறு மாதம் ஆகும்.

சொன்ன நாளில் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர், கையில் தோல் பெட்டி.

"ஒரு கோப்பி மட்டும் போதும் பாய். வேலை நெறைய இருக்கு," என்றார்.

ராவுத்தர் கன்னத்தைப் பிடித்தபடியே சிரித்தார். "வெறும் வயித்தோட வேலை செய்வாங்களா டாக்டரையா? ரெண்டு வாய் சாப்பிட்டுப் போலாம்."

ரெண்டு வாய் என்றது நெய்ச்சோறு, ஆட்டுக்கறி, தால்ச்சா, மறுசோறு, பிறகு பாயசம் என்று நீண்டது. வைத்தியர் வேண்டாம் என்று கையால் மறித்தபோதெல்லாம், கை மறிக்காத பக்கம் சோறு விழுந்தது. கடைசியில், கொஞ்சம் சாய்ந்துகொள்கிறேன் என்று பெஞ்சில் படுத்தவர், ஊரையே மறந்து குறட்டை விட்டார்.

மருந்துக் கொட்டகையில் காத்திருந்த ஐந்து பேரும் பகல் சாய்ந்ததும் கடைக்கே வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவள் காய்கறி விற்கும் கிருஷ்ணம்மா. கன்னம் பப்பாளிக்காய்போல வீங்கியிருந்தது.

"எழுப்புங்க பாய்."

"சாப்பிட்டுத் தூங்குற விருந்தாளிய எழுப்புறதாம்மா? எங்க ஊட்டுல அந்த வழக்கமில்ல."

"வழக்கம் நல்லாத்தான் இருக்கு. எம் பல்லுக்கு அது வெளங்கலையே."

"எனக்கும் பல்லுதாம்மா வலிக்குது."

"ஒங்களுக்கு வலிச்சா, அது நீங்களே அவருக்கு ஆக்கிப் போட்டுப் படுக்க வச்சதுக்கு. நாங்க என்ன செஞ்சோம்?"

அதற்குள் மாலை ரயில் ஊதிய ஊதலில் வைத்தியரே துள்ளி எழுந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஐந்து வீங்கிய கன்னங்களும் ராவுத்தர் பக்கம் திரும்பின. இன்னும் ஆறு மாதக் கஞ்சி அவர் கண்முன் வந்து நின்றது.

அவருக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான். இரண்டு தட்டு நிறையச் சோறும் கறியும் போட்டுக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டினார். ஐந்து பேரும் பின்னாலேயே போனார்கள்.

"மாக்கான் டூலு, துவான்," என்று மலாயில் உபசரித்து, ஒரு தட்டை கார்டிடமும் மற்றொன்றை எஞ்சின் டிரைவரிடமும் நீட்டினார். முதலில் சாப்பிடுங்கள் ஐயா என்று சொல்லும் அந்தக் குரலுக்கு மறுப்புச் சொன்னவர் இதுவரை இல்லை. கார்டு பச்சைக் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டை வாங்கினார்.

கார்டு சாப்பிட்டு முடிக்கும்வரை வண்டி கிளம்பாது என்று வைத்தியருக்கு விளங்கிவிட்டது. பிளாட்பாரத்து பெஞ்சில் ஆறு பேரையும் வரிசையாக உட்காரவைத்து, வாய் மரத்துப்போக ஊசி போட்டார்.

"பாய் கடைசி," என்றாள் கிருஷ்ணம்மா.

பாய் தலையாட்டினார். உட்கார அவருக்கு ஏது நேரம்? கார்டின் தட்டில் சோறு குறையும்போதெல்லாம் ஓடிப்போய் மறுசோறு போட்டார். பெஞ்சில் பல் ஒவ்வொன்றாக வந்தது. ஐந்தாவது பல் வரவும் கார்டு ஏப்பம் விட்டுக் கை கழுவவும் சரியாக இருந்தது. கொடி அசைந்தது.

வைத்தியர் ஓடி ஏறினார். ராவுத்தரும் சோற்றுக் கரண்டியோடு பின்னால் ஏறினார்.

வண்டி நகர்ந்ததும் கார்டு வந்து டிக்கெட் கேட்டார். மரத்த வாயால் ராவுத்தருக்குப் பேச வரவில்லை. கரண்டியால் கார்டின் வயிற்றைச் சுட்டிக் காட்டினார். கார்டு சிரித்துவிட்டு நகர்ந்தார். ரப்பர் மரங்கள் பின்னால் ஓட, வைத்தியர் கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டு, வண்டி குலுங்கிய ஒரு குலுக்கலில் பல்லை இழுத்துவிட்டார்.

அடுத்த ஸ்டேஷனான செனாயில் இறங்கி, கரண்டியும் கையுமாக நடந்தே கூலாய் வந்து சேர்ந்தார் ராவுத்தர். மீரா பீவி அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள்.

"பல்லு போயிருச்சு. புத்தி வந்துச்சாங்க?"

டிசம்பரில் வைத்தியர் மறுபடி வந்தார். அன்று விடிந்ததுமே மீரா பீவி அடுப்படியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். வைத்தியருக்குக் கோப்பி மட்டும் கிடைத்தது. கூட்டம் முழுவதையும் பார்த்து முடித்த பிறகுதான் பூட்டுத் திறந்தது. நெய்ச்சோறு வெளியே வந்தது.

அன்று மாலை ரயில் ஊதியபோது வைத்தியர் அதே பெஞ்சில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து ஆட்டுக்கறியை நிதானமாக மென்றுகொண்டிருந்த ராவுத்தர் அவரை எழுப்பவில்லை. எழுப்பச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.