அடைப்பான் ஊசியைத் தள்ளிப்போட்ட டாக்டரம்மா

டாக்டரம்மா மரகதவல்லி அவர்கள் நம்மை விட்டுப் போய்விடுவார்கள் என்பதை நான் முன்பே சொல்லியிருந்தேன். "அந்த இருமல் நல்ல இருமல் இல்ல" என்று பாலவனத்தம் பஸ்ஸில் அத்தனை பேர் முன்னிலையிலும் சொன்னவன் நான். யார் கேட்டார்கள்? நேற்றுக் காலை அருப்புக்கோட்டையிலிருந்து அந்தச் சேதியோடு போன் வந்துவிட்டது.

திருச்சுழிப் பக்கத்து ஆடு மாடுகளுக்கெல்லாம் வைத்தியம் பார்த்தவர்கள் அவர்கள். அறியாதவர்களுக்காக ஒன்று சொல்கிறேன்.

பக்கத்து ஊரில் அடைப்பான் நோய், அதாவது ஆந்த்ராக்ஸ், வந்து ஆடுகள் நின்ற இடத்திலேயே விழுந்தன. என் மச்சான் முனியாண்டிக்கு ஆட்டுக்கிடையைத் தவிர வேறு பிழைப்பில்லை. எனக்கோ மருத்துவ அறிவு பிறவியிலேயே உண்டு, ஊரறிந்த விஷயம். டாக்டரம்மா தடுப்பூசி போட வருவதற்கு முந்தின நாளே, முன்காவலாக, கடையில் ஆண்டிபயாட்டிக் வாங்கி அத்தனை ஆட்டுக்கும் என் கையாலேயே போட்டுவிட்டேன்.

மறுநாள் வந்த டாக்டரம்மா முதல் ஆட்டின் தொடையைத் தடவியதுமே நிமிர்ந்தார்கள்.

"யாரு ஊசி போட்டது?"

"நான்தான் தாயி. நோய்க்கு முன்னாடி நாம முந்திக்கிட்டோம்ல!"

அவர்கள் பெட்டியை மூடினார்கள். "இன்னைக்குப் போட முடியாது."

"பக்கத்தூருல செத்து விழுகுதே தாயி!" என்று மச்சான் கத்தினான்.

"இந்தத் தடுப்பூசியில இருக்கதும் உசுருள்ள கிருமிதாண்ணே, வீரியம் கொறைஞ்சது. அதோட மோதித்தான் ஆட்டு உடம்பு சண்டை பழகும். அண்ணாச்சி போட்ட மருந்து அதையும் கொன்னுபுட்டா எதுகூடப் பழகும்? மருந்து கூலிக்கு வந்த காவக்காரன். கொஞ்ச நாள் நிப்பான், போயிருவான். பெறகு கிடைக்கு யாரு காவல்?"

"நீருதான் காவல் மச்சான்! ராவும் பகலும் நில்லும் வே!" என்று முனியாண்டி என் பக்கம் திரும்பினான்.

நோய்க்கிருமி மண்ணில்தான் கிடக்கும் என்று, கண்மாய் மேய்ச்சலுக்கு விடாமல் பட்டியிலேயே அடைத்துத் தழை வெட்டிப் போடச் சொன்னார்கள். மருந்தின் வேகம் இறங்கியதும், காய்ச்சலோடு பஸ் ஏறி வந்து ஊசி போட்டார்கள். ஆயிரம் ஆடும் என் ஒரு அதட்டலுக்கு வரிசையில் நின்றன. ஒரு குட்டிகூடச் சாகவில்லை.

புறப்படும்போது, "அண்ணாச்சி, உங்கள மாதிரி ஊருக்கு ஒருத்தர் இருந்தாப் போதும்" என்றார்கள். எனக்கு வேறு பட்டம் எதற்கு?

இன்று அடக்கம் முடிந்து திரும்பும்போது, மச்சானின் ஆடுகள் சாலையைக் கடக்கட்டும் என்று பஸ் நின்றது. கடைசிக் குட்டி கடக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அதன்பின் பொய் எழுத மனம் வரவில்லை. 'ஊருக்கு ஒருத்தர் இருந்தாப் போதும்' என்று டாக்டரம்மா சொல்லவில்லை. "இனிமே ஊசியத் தொடுறதுக்கு முந்தி எனக்கு ஒரு போன் போடுங்க" என்றுதான் சொன்னார்கள்.

நேற்று ஒரு கிடாய் தீவனம் எடுக்கவில்லை. அவர்களைக் கூப்பிடத்தான் போனைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் அது அடித்தது.

போய் வாருங்கள், தாயி. ஊசியை நான் தொடவில்லை.