அவளுக்குத் தெரிந்த சத்தம்

செஞ்சியில் நாங்கள் ஐந்து பேர் ஒரு சங்கம் வைத்திருந்தோம். மோட்டார் சைக்கிளும் நாயும் இருந்தால் உறுப்பினர், அவ்வளவுதான். ஞாயிறு காலை கோட்டை அடிவாரத்தில் கூடி, சீயமங்கலம் வரை போய் டீ குடித்துவிட்டுத் திரும்புவோம். பெட்ரோல் டேங்கின் மேல், எங்கள் கைகளுக்கு நடுவே நாய்கள் உட்கார்ந்து வரும். பஜாரில் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே, எங்களுக்கென்ன.

நாயை வாயால் கூப்பிடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அவரவர் வண்டியை உதைத்துக் கிளப்ப வேண்டும். ஐந்து சத்தத்தில் தன்னுடையது எதுவென்று தெரிந்து நாய் ஓடிவந்து ஏற வேண்டும். என் நாய் கறுப்பு நாட்டுப் பெட்டை; அவள் ஒருநாளும் தவறியதில்லை. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

போன வருஷம் முட்டிவலி வந்தது. உதைக்க முடியாமல் பழைய வண்டியை வல்லத்து விவசாயி ஒருவருக்கு விற்றுவிட்டு, பட்டனை அழுத்தினால் கிளம்பும் புது வண்டி வாங்கினேன். அவள் அதில் ஏறவே இல்லை. தூக்கி வைத்தாலும் குதித்துவிடுவாள்.

"உன் நாயி ராஜினாமா பண்ணிடுச்சுடா" என்று கூட்டாளிகள் ஓட்டினார்கள். எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. அத்தனை பேர் முன்னாலும் அவளைப் பெல்ட்டால் அடித்தேன். பாவி நான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி அவள் முதுகைத் தடவிப் பார்த்தாள். "இன்னாத்துக்கு இப்டி அடிச்சீங்க? அது அந்த வண்டியத் தேடுது, அவ்ளோதான்."

இரண்டு வாரம் கழித்து மளிகைக் கடை வாசலில் நின்றிருந்தேன். அவளும் கூட வந்திருந்தாள். வல்லம் பக்கமிருந்து என் பழைய வண்டி வந்துகொண்டிருந்தது. என் காதில் விழுவதற்குள் அவள் ஓடிவிட்டாள். அப்படி அவள் ஓடிப் பார்த்து எத்தனை நாளாயிற்று. வழக்கம்போல் டேங்க் மேல் பாய்ந்தாள். ஓட்டிவந்த விவசாயி பதறிப்போய்க் கையால் தள்ளினார். எதிரே வந்த வேன் அவள் மேல் ஏறிவிட்டது.

இன்ஜினை அணைக்காமலே வண்டியை ஓரங்கட்டிவிட்டு விவசாயி ஓடிவந்தார். "கடிக்க வருதுன்னு நெனச்சி தள்ளிட்டண்ணே" என்று அழுதார். அவர் மேல் என்ன தப்பு.

அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். கண் என் பக்கம் திரும்பவில்லை. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். கூப்பிட்டே பழகாதவன், என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

ஓடிக்கொண்டிருந்த இன்ஜினை நிறுத்த அவர் வண்டிக்குத் திரும்பிப் போய்ச் சாவியில் கை வைத்தார்.

"நிறுத்தாதீங்க. கொஞ்ச நேரம் ஓடட்டும்."

வால் லேசாக இரண்டு தடவை அசைந்தது. மூச்சு நின்ற பிறகும் அவர் வண்டியை நிறுத்தவில்லை. போதும் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.