மாமன் போட்ட சுடுதண்ணி

ஆண்டிச்சாமிக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கேரளாவுக்குப் போகும் லாரிகளுக்குத் தக்காளி ஏற்றிவிடும் வேலை. விடியும் முன்பே தொடங்கி, ஊர் எழுந்து பல் விளக்கும்போது முடிந்துவிடும். மிச்சப் பொழுதை என்ன செய்வதென்று தெரியாமல் செல்போனை நோண்டுவார். நோண்டி நோண்டியே வீடு நிறைய என்னென்னவோ வந்து சேர்ந்தது. கை தட்டினால் எரியும் பல்பு, பேச்சுக் கொடுத்தால் சுற்றும் ஃபேன். பெட்டிமேல் இருந்தது எந்த நாட்டு எழுத்தென்று அவருக்கும் தெரியாது, கொண்டுவந்து கொடுத்த பையனுக்கும் தெரியாது. மலிவு என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. மனைவி பானுப்ரியா, "ஏனுங்க, ஐஎஸ்ஐ முத்திரைகூடக் காணோமுங்க" என்று கேட்டால், உலகமே இதைத்தான் போடுகிறது என்று வாயை அடைத்துவிடுவார்.

அவற்றில் அவருக்கு ரொம்பப் பிடித்தது ஸ்மார்ட் பிளக். சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டில் இதைச் செருகி, இதன்மேல் கீசரையோ இஸ்திரிப்பெட்டியையோ செருகிவிட்டால், எந்த ஊரில் நின்றுகொண்டும் செல்போனைத் தொட்டுப் போடலாம், அணைக்கலாம். ஒன்று தன் வீட்டுக்கு. இன்னொன்று குஜிலியம்பாறைப் பக்கம் வாழ்க்கைப்பட்ட அக்கா அய்யம்மாள் வீட்டுக்கு. அதையும் சும்மா கொடுக்கவில்லை. அக்கா மகள் மலர்விழியின் சடங்குக்கு, கொட்டுமேளம் முன்னே போக, தாய்மாமன் சீரில் ஒரு கீசர் மாலை போட்டுக்கொண்டு போனது. அதன் பின்னால் வெற்றிலை பாக்கோடு ஒரு தாம்பாளத்தில் இந்தப் பிளக். ஊரே வாயைப் பிளந்து பார்த்தது. அக்காவின் மாமியார் அங்காளம்மாள் அன்றைக்குத்தான் அவரைப் பார்த்து முதன்முதலாகச் சிரித்தார். உன் பிறந்த வீடு என்னத்தைச் செய்தது என்று வருஷக்கணக்காக மருமகளைக் குத்திக்கொண்டிருந்த வாய் அது. மறுநாளிலிருந்து அதே வாய், அந்தப் பிளக்கைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசத் தொடங்கியது.

அப்புறம் கேட்க வேண்டுமா? தினமும் விடிகாலையில் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே நின்று ஆண்டிச்சாமி செல்போனைத் தொடுவார். அக்கா மகளுக்கு நான்தான் தண்ணீர் காயவைக்கிறேன் என்று சுமை தூக்குகிறவர்களிடமெல்லாம் சொல்வார். கேட்டவர்களுக்குச் சலித்துப்போனது, அவருக்குச் சலிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லாததால் மலர்விழி மெதுவாகத்தான் எழுந்திருக்கும் என்று, வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபிறகே அக்கா வீட்டுக் கீசரைப் போட்டார். பிறகு சட்டை தேய்க்க உட்கார்ந்தார். தேய்த்து முடித்துத் தன் வீட்டுப் பிளக்கைச் செல்போனில் அணைத்தார். அணைந்துவிட்டதாகவே செல்போன் காட்டியது. ஆனால் இஸ்திரிப்பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தார். விளக்கு அணையவில்லை. கருகல் வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் சுவர் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கினார். பின்பக்கம் பிசுபிசுவென்று உருகியிருந்தது.

ஸ்பேனரால் தட்டி உடைத்துப் பார்த்தார். உள்ளே இருந்த தகடுகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அதைவிட அவரை உலுக்கியது மூன்றாவது பின். ஷாக் அடிக்காமல் காக்க வேண்டிய எர்த் பின் அது. அதற்குப் பின்னால் ஒரு ஒயர்கூட இல்லை, பேருக்கு நட்டு வைத்திருந்தார்கள்.

இதே பிளக்தான் அக்கா வீட்டுக் குளியலறையில் இருக்கிறது. பிள்ளை ஈரக் கையோடு குழாயைத் திருகும். ஆண்டிச்சாமி துள்ளி எழுந்தார். அக்கா வீட்டுக் கீசரைச் செல்போனில் அணைத்தார். அணைந்துவிட்டது என்றது. அந்தப் பேச்சை இனி யார் நம்புவது? அக்காவுக்கு அடித்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மச்சான் திருப்பூரில் மில் வேலை. பானுப்ரியா சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவே இல்லை, பைக்கை உதைத்துவிட்டார்.

வழியில் நிறுத்தி நிறுத்தி அக்காவுக்கு அடித்தார். எடுக்கவில்லை. அக்கா வீட்டுக்கு எதிரே பெட்டிக்கடை வைத்திருக்கும் கஸ்பாரின் நம்பர் அவரிடம் இருந்தது. ஓடிப்போய் மெயினை அணையுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். விரல் நம்பர்மேல் போய் நின்றது. சொன்னால் கஸ்பார் சும்மா இருப்பாரா? மாமன் சீர் வெடிக்கப் பார்த்ததாம் என்று பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும். அங்காளம்மாள் பழைய வாயைத் திறப்பார். வேடசந்தூர் தாண்டுகிறவரைக்கும் ஆண்டிச்சாமி அந்த நம்பரை அழுத்தவில்லை. தாண்டியும் அழுத்தவில்லை. பிள்ளை உயிரைவிட நமக்கு மானம் பெரிதாகப் போய்விட்டதே என்று தன்னையே திட்டிக்கொண்டு, அதே வேகத்தில் வண்டியை முறுக்கினார்.

போய்ச் சேர்ந்தபோது மலர்விழி வாசலில் ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டு நின்றது. "மாமா" என்று அது கூப்பிட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பதில்கூடச் சொல்லாமல் குளியலறைக்குப் போனார். போட்டாலும் அணைத்தாலும் எரியும் நீல விளக்கோடு பிளக் சுவரில் மின்னிக்கொண்டிருந்தது. ஆனால் அதில் எதுவும் செருகியிருக்கவில்லை. கீசர் ஒயரைச் சுருட்டி மேலே கட்டி வைத்திருந்தார்கள். கொல்லைப்புறம் எட்டிப் பார்த்தால், விறகடுப்பில் அண்டா, பக்கத்தில் அக்கா.

தம்பியைப் பார்த்ததும் அய்யம்மாளுக்கு முகம் செத்துப்போனது. போன் உள்ளே சார்ஜில் கிடக்கிறது என்று மட்டும் முதலில் சொன்னாள். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. போன மாதமே பிள்ளைக்குக் குழாயில் சுரீரென்று இழுத்திருக்கிறது. அன்றே கீசர் ஒயரைக் கழற்றிவிட்டாள். பிளக்கை மட்டும் எடுக்கவில்லை. நீல விளக்கு எரிந்தால் மாமியாருக்குச் சந்தேகம் வராது, தம்பி செல்போனுக்கும் தெரியாது. மாமியார் விடியுமுன் பூ எடுக்கக் காட்டுக்குப் போனதும் அடுப்பைப் பற்றவைத்துவிடுவாள். இன்றைக்குப் பிள்ளை எழ நேரமாகிவிட்டது.

"ஏங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்லக்கா."

"நீ ஆசையாப் போட்டது அப்பு. எப்படிக் குறை சொல்ல? இதே மாதிரி வெள்ளையா, நல்லதா ஒண்ணு வாங்கியாந்துரு. அத்தைக்குத் தெரியாம மாத்திருவோம்."

அக்காவைத் திட்ட வாயெடுத்தவர் அடக்கிக்கொண்டார். வேடசந்தூர் வழி நெடுக அவர் செய்ததும் இதுதானே? பிளக்கைப் பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார். கஸ்பார் கடை பெஞ்சில் அங்காளம்மாள் பூக்கூடையை இறக்கி வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஆட்கள். நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டார் ஆண்டிச்சாமி.

"அத்தே, நான் செஞ்ச சீரு சரியில்ல. ஆளக் கொல்லுற சாமான். எர்த்தே கெடையாது. நம்ம புள்ளைக்கு ஷாக் அடிச்சிருக்கு. வேற யாரு வீட்டுல இந்த மாதிரி இருந்தாலும் கழட்டச் சொல்லுங்க."

கஸ்பார் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். அங்காளம்மாள் அந்தப் பிளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று ஆண்டிச்சாமி தலையைக் குனிந்தார்.

"சடங்கு முடிஞ்ச வாரமே எனக்கும் அடிச்சுச்சு" என்றார் அங்காளம்மாள். "ஊரு பூராம் பெருமை பேசிட்டு எந்த வாயால சொல்ல? நான்பாட்டுக்குக் காட்டுக் கெணத்தடியில பச்சத்தண்ணியில குளிச்சுக்கிட்டேன். புள்ள அதத் தொடுமேன்னு எனக்குத் தோணலையே."

டீ கிளாசை அப்படியே வைத்தார். பூக்கூடையை எடுக்கவில்லை. செருப்புக்கூடப் போடாமல், பேத்தியின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வீட்டைப் பார்த்து ஓடினார்.