மிதப்பில்லாத கூடுகள்

சாட்டிக் கடற்கரைக்குக் கொஞ்சம் தள்ளியிருக்கும் மீன்பிடிக் கரையில் அம்புறோஸைப் போல வாய் இறுக்கமான மனிதர் வேறில்லை. "அண்ணை, எங்கை பிடிச்சது இவ்வளவு மீனும்?" என்று யாராவது கேட்டால், "கடலிலைதான்" என்பார். அதற்குமேல் ஒரு சொல் பிடுங்க முடியாது.

மீன்கூடு வைப்பதுதான் அவர் தொழில். கம்பியால் பின்னிய கூட்டைக் கல்லுக் கட்டிக் கடலடியில் இறக்கிவிட்டு, இரண்டு மூன்று நாள் கழித்துப் போய்த் தூக்குவது. மற்றவர்கள் அடையாளத்துக்கு மிதப்புக் கட்டுவார்கள். அம்புறோஸ் கட்டமாட்டார், மிதப்பைக் கண்டால் கள்ளன் வருவான் என்பது அவர் கட்சி. அவருடைய அடையாளமெல்லாம் கரையில் இருந்தது. கோயில் மணிக்கோபுரம் ரெலிபோன் கோபுரத்தை மறைக்கவேண்டும், அதே வேளை இரட்டைப் பனை ஐஸ் கொம்பனிக் கூரைக்கு நேரே நிற்கவேண்டும். அங்கே இறக்கவேண்டியதுதான். வாடைக்காற்றுக் காலத்துக்கு அது, தென்மேற்கிலிருந்து சோளகக்காற்று வீசும் காலத்துக்கு வேறோர் இடம். இரண்டும் அவர் தலைக்குள்தான் இருந்தன. பெண்சாதி மரியநாயகிக்குக்கூடச் சொன்னதில்லை.

அந்தத் தலைக்குத்தான் பிறகு சோதனை வந்தது.

குடலில் புற்றுநோய். தெல்லிப்பளை ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்துவிட்டு, மாதக்கணக்காக மருந்து ஏற்றினார்கள். ஒவ்வொரு முறையும் ஓட்டோவில் கொண்டுபோய்க் கூட்டிவந்தது மரியநாயகியின் தம்பி யாக்கோப்பு. அவனும் கூடு வைக்கிறவன்தான். அவன் படகும் இவர் படகும் பக்கத்துப் பக்கத்தில் கட்டிக் கிடக்கும். நோய் விட்டது. கொட்டிய முடியும் முளைத்தது, முன்பு இல்லாத சுருளோடு. ஞாபகம் மட்டும் பழையபடி வரவில்லை. கடை வாசலில் நின்று, எதை வாங்க வந்தோம் என்று யோசிப்பார். அகப்பை என்ற சொல் வராமல் கையால் கிண்டிக் காட்டுவார். ஒரு ஞாயிறு பூசையில் நற்கருணை வாங்கிவிட்டு வந்தவர், திரும்பவும் போய் வரிசையில் நின்றார். யாக்கோப்புதான் சேட்டுக் கையைப் பிடித்து இழுத்து இருத்தினான்.

டொக்டர் இதற்கெல்லாம் பதறவில்லை. அந்த மருந்து எடுத்த கனபேருக்கு இப்படி வருகிறது, பெரும்பாலும் நாளடைவில் குறையும் என்றார். ஒரு நேரத்தில் ஒரு வேலை செய்யுங்கள், செய்கிறதை வாய்விட்டுச் சொல்லுங்கள், பக்கத்தில் ஓர் ஆளை வைத்திருங்கள் என்றும் சொன்னார். அம்புறோஸ் நன்றாகத் தலையாட்டினார். வாய்விட்டுச் சொல்வதாம், அதுவும் அம்புறோஸ்.

சோளகம் தொடங்க அவர் திரும்பக் கடலுக்குப் போனார். தனியேதான். கூடுகளை இறக்கிவிட்டு மூன்றாம் நாள் தூக்கப் போனால், ஒன்றையும் காணோம். கயிற்றில் கட்டிய கொளுக்கியைக் கடலடியில் இழுத்து இழுத்துத் தோள் விட்டுப்போனது. சாதாளை என்ற கடற்புல்தான் வந்தது. இடம் பிழைத்திருக்கும் என்ற எண்ணம் அவருக்குக் கிட்டவும் வரவில்லை. கள்ளன்தான் என்று முடிவுகட்டிக்கொண்டு கரைக்கு வந்தார். முதலில் கண்ணில் பட்டது யாக்கோப்பு.

"என்ரை கூட்டை நீர்தான் தூக்கினது. அந்தப் பக்கம் ஓடித்திரியிறது நீர் ஒருத்தர்தானே."

வலை தட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். யாக்கோப்பு ஏதோ சொல்ல வாயெடுத்தான். சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். "நான் தூக்கேல்லை அத்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படகைக் கழுவத் தொடங்கினான்.

செய்தி அவருக்கு முன்னமே வீட்டுக்குப் போய்விட்டது. மரியநாயகி சோற்றைப் போட்டுவிட்டு, எதிரே கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள்.

"பூசையிலை ரெண்டாந்தரம் வரிசையிலை நிண்ட மனுசனுக்குக் கூடு வச்ச இடம் மட்டும் மறக்காதோ?"

"கடல் எனக்கு மறக்காது."

"மறந்தால் என்ன? மறந்தது வெக்கமில்லை. என்ரை தம்பியைக் கள்ளன் எண்டதுதான் வெக்கம்."

அம்புறோஸ் சோற்றைத் தள்ளிவைத்தார். உள்ளதைச் சொன்னால், அவருக்குப் பயமாக இருந்தது. நோய் வந்தபோதுகூட இப்படிப் பயப்படவில்லை. கடலும் தலையைவிட்டுப் போய்விட்டதென்றால் அம்புறோஸ் என்று சொல்ல என்ன மிஞ்சும்? அதை ஒத்துக்கொள்வதைவிட ஒரு கள்ளனைப் பிடிப்பது லேசாக இருந்தது. பிடித்ததுதான் பிடித்தார், தான் வாந்தியெடுத்தபோது முதுகு தடவிவிட்டவனையா பிடிக்கவேண்டும்?

மறுநாள் விடிய யாக்கோப்பின் வீட்டுப் படலையில் போய் நின்றார்.

"என்னோடை ஒருக்கால் கடலுக்கு வாரும். இடத்தை உமக்குச் சொல்லுறன். தனியச் செய்ய ஏலாமல் கிடக்கு."

யாக்கோப்பு உடனே வந்து எஞ்சினைப் பிடித்தான். அம்புறோஸ் முன்னால் இருந்து, டொக்டர் சொன்னபடி ஒவ்வொன்றாய் வாய்விட்டுச் சொன்னார். "மணிக்கோபுரம் மறைக்குது. இரட்டைப் பனை, கூரைக்கு நேரை." இவ்வளவு காலம் பொத்திவைத்ததைச் சொல்லி முடித்துக் கொளுக்கியைப் போட்டார். கொளுக்கி வெறுமனே வந்தது.

"இதுதான் நான் வாடைக்கு வைக்கிற..." என்றவர் பாதியில் நிறுத்தினார். வாடை எப்போதோ முடிந்திருந்தது. கன்னத்தில் அடித்துக்கொண்டிருந்தது சோளகம். முந்தின நாளும் இங்கேதான் தேடியிருக்கிறார்.

"மற்ற இடம் யாக்கோப்பு," என்றார். அதன் அடையாளம் வரவில்லை. கண்ணை மூடிப் பார்த்தார். வரவேயில்லை.

யாக்கோப்பு படகைத் திருப்பினான். தெற்கே கொஞ்சத் தூரம் ஓடி, எஞ்சினை நிற்பாட்டி, கொளுக்கியைப் போட்டான். முதல் இழுவையிலேயே கயிறு இறுகியது. கூடு நிறைய ஓராவும் விளைமீனும் துள்ளின.

"உமக்கு இந்த இடம் தெரியுமோ?"

"ஓம் அத்தான். கன காலமாத் தெரியும். நீங்கள் இதிலை இறக்கினதையும் கண்டனான்."

"நான் ஆசுப்பத்திரியிலை கிடக்கேக்கையும் இதிலை ஒரு கூடு வைக்கேல்லையோ நீர்?"

"அது உங்கடை இடமெல்லோ."

அம்புறோஸுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "பிறகேன் நேற்று கரையிலை வாய் திறக்கேல்லை?"

"எல்லாரும் நிண்டவை. அவையளுக்கு முன்னாலை உங்கடை இடத்தை எப்பிடிச் சொல்லுறது?"

அம்புறோஸ் கடல்தண்ணீரில் முகத்தைக் கழுவினார். மனம் காற்றுப்போல லேசாகிவிட்டது. கரை தட்டியதும் மீனைக்கூட இறக்காமல், அங்கே நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"கூட்டை ஒருத்தரும் தூக்கேல்லை. எனக்குத்தான் இடம் மறந்துபோச்சு. இனி யாக்கோப்புதான் எனக்கு ஞாபகம்."