ருக்மணி அக்காவின் வண்டி சாய்ந்திருக்கவில்லை

கால்நடை மருத்துவமனையில் ஒரு கன்றுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. ருக்மணி அக்கா போய்விட்டார். பேசியவர் அதே மூச்சில் காரணத்தையும் சொன்னார்: "வண்டியத் தாழ்த்தி வெச்சிருந்தாங்கல்லங்க டாக்டர், பின்னால ஒருபக்கம் சாஞ்சே கெடக்கும். அதுதான் கவுத்துப்போட்டுதுங்க." இறந்து அரைநாள்கூட ஆகவில்லை, அதற்குள் பழியை அவர் தலையிலேயே கட்டிவிட்டார்கள். அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறியாமல் பேசியவர்களும் படிக்கட்டும்.

பொள்ளாச்சிப் பக்கம் மாடு வைத்திருப்பவர்களுக்கு அவரைத் தெரியும். கால் ஒடிந்த மாடோ, கன்று ஈன முடியாமல் தவிக்கும் மாடோ, கூப்பிட்டால் அவருடைய பிக்கப் வந்து நிற்கும். உயரமான வண்டியில் நோவு கண்ட மாட்டை ஏற்ற, கயிறு கட்டி இழுப்பார்கள், வாலை முறுக்குவார்கள். அப்படி ஏற்றும்போது ஒரு சினைமாடு பலகையிலிருந்து சரிந்து விழுந்து, எங்கள் இருவர் கண்ணெதிரே செத்தது. அடுத்த வாரமே அக்கா வண்டியை மெக்கானிக் செல்வராசுவின் பட்டறையில் விட்டு, பின்பக்கத்தைத் தாழ்த்தச் சொன்னார். இளவட்டங்கள் அழகுக்காகச் செய்வதை, மாடு தானாக நடந்து ஏறவேண்டும் என்பதற்காகச் செய்தவர் அவர்.

தாழ்த்தி வந்த வண்டியில் பின்னால் இடதுபக்கம் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. "லோடு ஏத்துனா சரியாப் போயிருமுங்க, பரவால்லீங்க" என்றார் செல்வராசு. "பரவால்லைன்னு சொல்ல வேண்டியது உள்ள நிக்கற மாடுங்க, நீங்க இல்ல" என்றார் அக்கா.

செல்வராசு வண்டியின் பாரம் தாங்கும் இடதுபக்கத்துக் கமான் பட்டைகளோடு இன்னொரு பட்டையைச் சேர்த்துப் போட்டார். பார்வைக்கு மட்டம் வந்தது. ஆனால் அந்தப் பக்கம் விறைத்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்திலும் மாட்டைத் தூக்கிப் போட்டது. வண்டி மறுபடி பட்டறைக்குப் போனது. "ஏனுங்கக்கா, ஊட்டுக்காரர வரச் சொல்லுங்க, அவருகிட்டப் பேசிக்கறேன்" என்று சலித்துக்கொண்டார் செல்வராசு. "அவரு வந்து நின்னா வண்டி நேரா நிக்குமுங்களா?" என்று கேட்டுவிட்டு அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார் அக்கா. நானும் அன்று உடனிருந்தேன். பட்டறையில் இருந்தவர்கள் அக்காவைப் பார்த்து ஏளனமாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"சேத்துன பட்டையக் கழட்டுங்க. வலப்பக்கத்து செட்ட இடப்பக்கமும், இடப்பக்கத்து செட்ட வலப்பக்கமும் மாத்திப் போடுங்க. ஏர் ஒருபக்கம் இழுத்தா மாட்டை மாத்திக் கட்டித்தான் பாப்போம். குத்தம் மாட்டுலயா நுகத்தடிலயான்னு தெரிஞ்சுருமல்லங்க" என்றார் அக்கா. முனகிக்கொண்டே மாற்றிப் போட்டார்கள். அப்போதும் இடதுபக்கமேதான் இறங்கி நின்றது. பட்டையில் குற்றமில்லை என்று தெரிந்தது. பட்டையை அடிச்சட்டத்தோடு பிணைக்கும் பிராக்கெட்டைச் செல்வராசு அளந்து பார்த்தார். தாழ்த்தும்போது இடதுபக்கத்துப் பிராக்கெட்டைச் சற்று மேலே ஏற்றிப் பற்றவைத்திருந்தார்கள்; அதனால்தான் அந்தப் பக்கம் சட்டம் இறங்கி நின்றது. அதை வெட்டியெடுத்து, வலப்பக்கத்துக்குச் சமமாக வைத்தபின் வண்டி நீர்மட்டம் போல நின்றது. அதன்பிறகு எத்தனையோ மாடுகள் அதில் தடுமாறாமல் நின்று என்னிடம் வந்து சேர்ந்தன.

அந்த வண்டியைத்தான் சாய்ந்த வண்டி என்கிறார்கள்.

நடந்தது இதுதான். காலை மழையில், ஒரு மாட்டை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். குழாய் பதிக்கத் தோண்டிய குழி சாலையின் பாதிவரை வாய் திறந்து கிடந்தது. தடுப்பு இல்லை, ஒரு சிவப்புத் துணிகூட இல்லை. மழைநீர் நிறைந்து தார்ச்சாலையோடு சாலையாகத் தெரிந்தது. அதில் இறங்கித்தான் வண்டி கவிழ்ந்தது. அவர் உடல் வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு லோடு மண் கொட்டிக் குழியை மூடிவிட்டார்கள். அவர் உயிரோடு இருந்தபோது கிடைக்காத மண்!

மூடியவர்களின் மேஸ்திரி துக்க வீட்டுக்கும் வந்திருந்தார். "ஆல்ட்டர் பண்ணுன வண்டிங்க, எங்க போனாலும் கவுந்துதான் இருக்கும்" என்றார். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

அப்போது எழுந்தவர் செல்வராசு. "சாஞ்சிருந்தது நான் பண்ணுன தப்புங்க. அதைக் கண்டுபுடிச்சதும் அந்தக்கா, என்னைச் சரிபண்ண வெச்சதும் அந்தக்கா. எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்" என்றார். சொன்னபடியே என்னோடு காவல் நிலையத்துக்கு வந்தார். பின்னால் இரண்டு பிராக்கெட்டும் உடையாமல், சமமாக இருப்பதை அதிகாரிகள் முன்னிலையில் அளந்து காட்டினார். வாகனத்தை மாற்றியமைத்ததே விபத்துக்குக் காரணம் என்று அறிக்கையில் எழுதியிருந்ததை நீக்கினார்கள். குழியைப் பற்றி மட்டும் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை.

அக்காவிடம் ஒரு வழக்கம் இருந்தது. எவ்வளவு கோபத்திலும் குரல் உயராது, 'ங்க' குறையாது. ஆனால் நின்ற இடத்தைவிட்டு அசையமாட்டார். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அது மட்டுமே. குழியைப் பற்றி எழுதச் சொல்லி நேற்றும் காவல் நிலையத்துக்குப் போனேன். "போன உசுரு திரும்பியா வரப்போகுது? நீங்க கெளம்புங்க டாக்டர்" என்றார்கள்.

"எழுதுங்க, போறேனுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.