பீரோவுக்குள் காய்ந்த ஹார்டு டிஸ்க்

எங்கள் வீட்டில் நடக்க வேண்டிய ஒரு கல்யாணம் இரண்டு வருஷம் தள்ளிப்போனதற்கு நான்தான் காரணம். யாரும் இதுவரை என்னிடம் சொல்லிக் காட்டியதில்லை. அதனாலேயே நானாகச் சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றுகிறது.

அந்த வருஷம் தங்கைக்குப் பழனியில் மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். மாமாவின் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மாமா, அம்மாவின் தம்பி. பேத்துப்பாறை கிராமத்தில் வீடு, கொடைக்கானல் பஜாரில் செல்போன் பழுது பார்க்கும் கடை. எங்கள் இரண்டு குடும்பத்திலும் கேமரா வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். ஆனால் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எப்படிப் படம் எடுப்பது? கேமராவை அத்தையின் கையில் கொடுத்துவிட்டார். அத்தை, அப்பாவின் தங்கை. படிப்பை முடித்துவிட்டு எங்கள் வீட்டில் இருந்தாள். அன்றைய படங்கள் அத்தனையும் அவள் எடுத்தவை.

கொடைக்கானலுக்குத் திரும்பியதும் மாமா படங்களைத் தன் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் ஏற்றிக் கேமராவைக் காலி செய்துவிட்டார். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் எல்லோருக்கும் காட்டலாம் என்று டிஸ்க்கைக் கொண்டுவந்து செருகினார். அதன் நீல விளக்கு இரண்டு தரம் சிமிட்டிவிட்டு அணைந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை. முன்பக்கம் செருகிப் பார்த்தார், பின்பக்கம் செருகிப் பார்த்தார், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். காதில் வைத்தும் கேட்டார். அம்மாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. காது குத்துவது ஒரே ஒரு தரம். அந்தப் படங்களுக்கு வேறு பிரதி கிடையாது.

அப்பாவுக்கு மட்டும் சந்தேகமே இல்லை.

"ஈரம், மாப்ள. நம்ம ஊரு மூட்டத்துக்குத் தீப்பெட்டியே பத்த மாட்டேங்குது. இது மட்டும் வேலை செய்யுமா?"

கொடைக்கானலில் எது கெட்டாலும் பழி மூட்டத்தின் மேல்தான். மழை மாதங்களில் எங்கள் மரப்பீரோவுக்குள் ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டே இருக்கும். இல்லையென்றால் பட்டுப்புடவையும் சர்டிபிகேட்டும் பூசணம் பூத்துவிடும். அப்பா டிஸ்க்கைக் கைக்குட்டையில் சுற்றி, அம்மாவின் கூறைப்புடவை மேல் வைத்துப் பீரோவைச் சாத்தினார். ஹார்டு டிஸ்க்குக்கு அதைவிடக் கெட்ட வைத்தியம் இல்லை என்பது மாமாவுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஆனாலும், "சரிங்க மச்சான், ஈரமாத்தான் இருக்கும். நாளைக்கு வந்து பாக்கேன்" என்றார்.

மறுநாள் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். கடையை அடைத்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு முன்னால் எங்கள் வீட்டில் ஒரு மணி நேரம். பீரோவைத் திறந்து, பட்டுப்புடவையின் வாசனையோடு கதகதப்பாக இருக்கும் டிஸ்க்கை எடுத்துக் கொடுப்பது அத்தையின் சோலி ஆயிற்று. பிறகு டீ போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் நிற்பாள். மாமா திரையில் என்னென்னவோ ஜன்னல்களைத் திறந்து மூடுவார்.

"வருமாங்க?"

"வரும். கொஞ்சம் பொறுமையாப் பாக்கணும்."

"மெதுவாவே பாருங்க. என்ன அவசரம்?"

எனக்கு இருந்தது அவசரம். பள்ளிக்கூடம் விட்டு வந்து வீட்டுப்பாடத்தை முடித்தால் ஒரு மணி நேரம் கார் ரேஸ் ஆடலாம் என்று அப்பாவிடம் உத்தரவு வாங்கியிருந்தேன். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் மாமா தின்றுகொண்டிருந்தார். நான் நாற்காலிக்குப் பின்னால் நின்று உறுமினால் அம்மா, "ஏலே, அங்க என்ன வேடிக்கை? வெரசா ஓடிப் பால் வாங்கிட்டு வா" என்று விரட்டுவாள். வீட்டில் பால் இருக்கும்போதே விரட்டுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா மதியமே வந்தார். நனைந்த ஜெர்கினை ஆணியில் மாட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அதன் பையில் எனக்கு எப்போதும் சாக்லேட் இருக்கும். கையை விட்டேன். சாக்லேட்டோடு ஒரு ஒயரும் வந்தது. டிஸ்க்கில் செருகுகிற அதே ஒயர், ஆனால் புதியது. எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்த மாமா, ஒயரை மட்டும் மாற்றியதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. செருகினேன். நீல விளக்கு எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. பழனி கோபுரம் திரையில் வந்தது.

"அப்பா! ஒயர்தான் கெட்டுப்போச்சு! நல்ல ஒயர் மாமா பாக்கெட்டுலயே கெடந்துச்சு! மாமா மறந்துட்டாரு!"

வீடே ஓடி வந்தது. அம்மா தலையில் கை வைத்தாள். அத்தை அடுப்படி வாசலோடு நின்றுவிட்டாள். மாமா எச்சில் கையோடு நின்றார். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். பிறகு எழுந்திருக்காமலே, "மாப்ள, பஸ்ஸுக்கு நேரமாச்சுல்ல" என்றார். மணி அப்போது இரண்டுகூட ஆகவில்லை.

மாமா அதன்பின் வரவில்லை. பெண் எடுத்த வீட்டிலேயே பெண்ணைக் கொடுத்தால், ஒரு வீட்டுச் சண்டை இரண்டு வீட்டையும் இழுக்கும் என்பது அப்பாவின் கட்சி. அம்மா அலுக்காமல் பேசிப் பேசித்தான் அதைக் கரைத்தாள். கடைசியில் மாமாவுக்கும் அத்தைக்கும் கல்யாணம் நடந்தது. அவர்கள் பெண்ணுக்குக் காது குத்தும்போது, முறைப்படி மாமா என்று மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர் அப்பாதான். இன்றைக்கு அவர்கள் சிரிக்கச் சிரிக்க இதைச் சொல்வார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் இடையில் போன அந்த இரண்டு வருஷத்துச் சாயங்காலங்கள் என் கண்ணை விட்டுப் போகவில்லை. என் ஒரு மணி நேரம் எனக்குத் திரும்பக் கிடைத்திருந்தது. நான் கார் ஓட்டுவேன். அத்தை பக்கத்தில், மாமா டீ குடித்த இடத்தில், ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பாள். ஒரு வார்த்தை திட்டியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் இன்னொன்றும் சொன்னேன். அப்பா படங்களைத் தள்ளத் தள்ள, எல்லாவற்றிலும் மாமாதான் இருந்தார். மாமா குனிகிறார், மாமா நிமிர்கிறார், மாமா கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். தங்கையின் மொட்டைத் தலை ஓரத்தில் பாதி தெரிந்தது. காது ஒரு படத்திலும் இல்லை. இவ்வளவு பாடுபட்டு மீட்டெடுத்தது இதையா என்று எனக்குப் பொறுக்கவில்லை.

"அத்தைக்குப் போட்டோவே எடுக்கத் தெரியலப்பா," என்றேன். "அடுத்த தடவ நான் எடுக்கேன்."