நாற்பது நாள் விடுப்பு

அறுபதுகளின் இறுதியில், என் மனைவியின் வயிற்றில் கட்டி இருப்பதாகவும், அறுவை சிகிச்சைக்கு உடனே சேர்க்கவேண்டும் என்றும் சென்னைப் பெரிய மருத்துவமனையில் கூறிவிட்டார்கள். நாற்பது நாள்கள் உடனிருந்து கவனிக்க ஆள் வேண்டும். எங்களுக்கு வேறு துணை இல்லை.

அப்போது நான் கும்மிடிப்பூண்டிப் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் பியூன். மணி அடிப்பதும், தண்ணீர் நிரப்புவதும், தபால் கொண்டுசெல்வதும் என் பணிகள். ஆசிரியர் பெறும் ஊதியத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே எனக்கு. சம்பளமில்லா விடுப்பு எடுத்தால் அடுப்பு எரியாது. எடுக்காவிட்டால் அவளுக்கு யாருமில்லை.

அந்த ஊதிய வேறுபாட்டைக் காட்டிலும் என்னை உறுத்தியது மே மாதம். ஆசிரியர்களுக்கு முழுச் சம்பளத்துடன் கோடை விடுமுறை. நானோ ஆளில்லாத பள்ளியைக் காலையில் திறந்து மாலையில் பூட்டுவேன். "லீவுல யாருக்குய்யா காவலு? பல்லிக்கா?" என்று அறிவியல் ஆசிரியர் ஏகாம்பரம் கேலி செய்வார்.

எழுத்தர் வரதராஜுலுவிடம் விண்ணப்பத்தை நீட்டினேன். அவர் என் பணிப்பதிவேடான சர்வீஸ் ரிஜிஸ்டரைப் புரட்டினார்.

"இன்னா முனுசாமி, லாஸ் ஆஃப் பேன்னு எழுதிக்கினு வந்துகிற?"

"வேற வழி இல்லீங்களே சார்."

"மே மாசமெல்லாம் வேலைக்கு வந்தியே, அது சும்மாவா பூடும்? வாத்தியாருங்க ஊட்டுல குந்திக்கினு இருந்தாங்க, அவங்களுக்கு ஈட்டிய விடுப்பு கொஞ்சந்தான். உனுக்குத் தொண்ணூறு நாளு சேர்ந்துகீது. முழு சம்பளம். வேற பேப்பர்ல எழுதிக் குடு."

எட்டு ஆண்டுகள் பணியாற்றியும் அதனை நான் அறிந்திருக்கவில்லை.

தலைமையாசிரியர் கையெழுத்திடத் தயங்கினார். "பியூனுக்குப் பதில் ஆள் தரமாட்டாங்கப்பா. மணி யாரு அடிக்கிறது?"

அங்கு நின்ற ஏகாம்பரம், "நான் அடிக்கிறேன் சார். மொதல்ல முனுசாமிய அனுப்பிவைங்க" என்றார்.

நாற்பத்தொன்றாம் நாள் மனைவியை நலமாக வீட்டில் சேர்த்துவிட்டுப் பணிக்குத் திரும்பினேன்.

"வந்துட்டியா! பேஜாருய்யா உன் வேலை" என்றார் ஏகாம்பரம். "பாடம் நடத்திக்கினே வாட்ச்சப் பாக்கணும். ஒருநாள் மறந்து பூட்டேன், சாப்பாட்டு மணி அரை மணி நேரம் லேட்டு. பசங்க என்னியே தின்னுருப்பானுங்க."

இளைய பணியாளர்களுக்கு நான் கூறுவது ஒன்றே. உங்கள் சர்வீஸ் ரிஜிஸ்டரை ஆண்டுக்கொருமுறை கேட்டு வாங்கிப் படியுங்கள். உங்கள் உரிமை அதில் எழுதப்பட்டிருக்கலாம். ஊதிய வேறுபாடு நான் ஓய்வுபெறும்வரை நீடித்தது. அது நியாயமென்று இன்றும் கூறமாட்டேன். ஆனால் ஏகாம்பரம் அவர்கள் அன்று வாய்திறவாதிருந்தால், என் மனைவி மயக்கம் தெளிந்து கண்விழித்தபோது நான் அருகில் இருந்திருக்க முடியாது.